கெம்பு என்றுதான் சொன்னேன்

கடை திறந்து சாம்பிராணி போட்டு முடித்த நேரம். முதல் ஆளாக அந்தப் பெண் உள்ளே வந்தாள். வரவேற்பில் கொடுத்த ரோஸ்மில்க்கை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. கைப்பையிலிருந்து எங்கள் கடையின் சிவப்பு வெல்வெட் பெட்டியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள்.

“அக்கா, என்னைய ஞாபகம் இருக்கா?”

இருந்தது. பெயர் முத்துலட்சுமி. சமயநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலைந்து மாதம் முன்பு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம்தான் ஓர் அட்டிகை வாங்கினாள். சிவப்புக் கல் பதித்த அட்டிகை, நடுவில் அன்னம்.

“இதுல இருக்கிறது என்ன கல்லுக்கா?”

நான் பெட்டியைத் திறக்கவில்லை.

“கெம்பும்மா.”

“கெம்புன்னா?”

பதினோரு வருஷம் நகைக் கடையில் நின்றவள் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பதில் தெரிந்த பிறகு வந்து கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மாடியில் நடந்த வகுப்பு

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. பெயரை எழுதினால், ‘அந்தக் கடைதானா அப்படி’ என்று மற்றக் கடைகளை நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் புதுப் பெண்கள் எட்டுப் பேரை மாடியில் உட்காரவைத்து மேனேஜர் வகுப்பெடுத்தார். சேலை எப்படிக் கட்ட வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் நாள். அடுத்த இரண்டு நாளும் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்பதுதான்.

“மாணிக்கம்னு வாயில வரவே கூடாது. கெம்புன்னு சொல்லுங்க. கேக்குறவங்க என்ன நினைக்கிறாங்களோ நினைச்சுக்கட்டும்” என்றார்.

ஒரு காலத்தில் கெம்பு என்றால் மாணிக்கம்தான். இன்று கடையில் தங்கத்தில் பதித்த எந்தச் சிவப்புக் கல்லும் கெம்பு. மண்ணிலிருந்து எடுத்த மாணிக்கமாக இருக்கலாம். ஆலையில் செய்த மாணிக்கமாக இருக்கலாம், அதற்கு சிந்தெடிக் என்று பெயர். வெறும் சிவப்புக் கண்ணாடியாகவும் இருக்கலாம். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து ஒரே சொல்லால் விற்றோம்.

‘ஒரிஜினல்’ என்று தாராளமாகச் சொல்லலாம் என்றார். கண்ணாடியும் ஒரிஜினல் கண்ணாடிதானே. அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அமெரிக்கன் டைமண்ட் என்கிற வெள்ளைக் கல் வைரமே இல்லை. ஆனால் பெயரிலேயே வைரம் இருப்பதால் நாங்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பெயர் பார்த்துக்கொள்ளும். சேதாரம் என்று தங்கத்துக்கு மேல் ஒரு தொகை போடுவோம். நகை செய்யும்போது அரத்தால் ராவும்போதும் உருக்கும்போதும் வீணாகிற தங்கத்துக்காம். மெஷினில் அச்சடித்து வருகிற நகைக்கும் அதே சேதாரம்தான். வீணான தங்கம் எங்கே போனது என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேரட் என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் மேஜையில் இரண்டு அர்த்தம். தங்கத்துக்கு அது தரம். இருபத்திரண்டு கேரட் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்றரைக்குச் சற்று மேல் தங்கம். அதைத்தான் 916 என்று முத்திரை குத்துகிறார்கள். கல்லுக்குக் கேரட் என்றால் எடை. ஐந்து கேரட் ஒரு கிராம். ஒருமுறை ஒரு அம்மா, “இருபத்திரண்டு கேரட்ல வைரத் தோடு காட்டுங்க” என்று கேட்டார். அவர் போன பிறகு நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும்போல் இருக்கிறது. அவருக்குச் சொல்லித்தருவதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம்.

இன்னொன்று. இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள். 916 முத்திரை தங்கத்துக்கு மட்டும். அதில் பதித்த கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. நகையைத் திருப்பி முத்திரையைக் காட்டினால், வாங்க வந்தவர் நகை முழுவதையும் சர்க்கார் சோதித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். நாங்கள் அதனால்தான் திருப்பிக் காட்டினோம்.

அன்று நான் செய்தது

முத்துலட்சுமியும் அவள் அப்பா பெரியகருப்பனும் வந்தது ஒரு மத்தியானம். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். போட்டுக்கொண்டே வரலாம் என்று சொன்னதற்கு, “இருக்கட்டும் தாயி, தரை நல்லா இருக்கு” என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிறர் வயலில் கூலிக்குப் போய், பிறகு ஒரு ஏக்கர் வாங்கி வெண்டையும் கத்திரியும் போடுகிறவர் என்று மகள் சொன்னாள். அட்டிகை மகளுடைய கல்யாணத்துக்கு. பணமும் மகளுடையதுதான். ஐந்து வருஷம் நைட் டூட்டி பார்த்துச் சேர்த்தது.

அவளுக்கு அந்த அன்னம் வைத்த அட்டிகை பிடித்துவிட்டது. கழுத்தில் வைத்துக் கண்ணாடியைத் திருப்பினேன்.

“இது என்ன கல்லு?” என்றார் அவர்.

“கெம்புங்கய்யா.”

“கெம்புன்னா மாணிக்கந்தானக்கா?” என்றாள் அவள்.

நான் தலையை ஆட்டினேன்.

வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அதுவும் வகுப்பில் கற்றதுதான்.

அவள் அப்பா பக்கம் திரும்பி, “மாணிக்கம்ப்பா” என்றாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“எங்க ஊர்ல மாணிக்கம்னு நாலு பேர் இருக்காய்ங்க. கல்ல இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

மூவரும் சிரித்தோம். பில்லில் ‘கெம்பு’ என்று எழுதினார்கள். விலை மட்டும் மாணிக்கத்துடைய விலை.

நிச்சயதார்த்தத்தில் நடந்தது

மாப்பிள்ளை வீடு மதுரையிலேயே கோச்சடை. பையனுக்கு வங்கியில் வேலை. நிச்சயத்துக்கு முன்பே பெண்ணுக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். பெரியகருப்பன் மற்றதையெல்லாம் பவுன் கணக்கில் சொல்லிவிட்டு, “அப்புறம் ஒரு மாணிக்கக் கல்லு அட்டிகை” என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கடையில் பார்த்திருக்கிறேனே.

பையனின் தாய்மாமன் அடகுக் கடை வைத்திருப்பவர். நிச்சயத்தன்று பந்தலில், சாப்பாட்டுக்கு முன், அட்டிகையை வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். சபைக்குக் கேட்கும்படி சொன்னார்:

“தங்கம் சரியா இருக்கு. கல்லு கண்ணாடி. உள்ள குமிழி குமிழியா இருக்கு, பாருங்க.”

பையனின் அம்மா பெரியகருப்பனைப் பார்த்துக் கேட்டாராம்: “கண்ணாடியப் போட்டு மாணிக்கம்னு சொன்னீங்களா? இதுலயே இப்பிடின்னா மத்ததுல எப்பிடியோ.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றிருக்கிறார். வந்தவர்கள் இலையில் உட்காராமல் எழுந்து போய்விட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். ஊரில் அன்று மாலைக்குள் கண்ணாடிக் கதை பரவிவிட்டது.

இதையெல்லாம் முத்துலட்சுமி கடையில் நின்றுகொண்டே, குரலை உயர்த்தாமல், நோயாளியின் நிலைமையை டாக்டரிடம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னாள். பிறகு தனக்கு வேண்டியதைச் சொன்னாள்.

“காசு திருப்பிக் கேக்கலக்கா. இத மாணிக்கம்னு சொல்லித்தான் வித்தோம்னு ஒரு தாள்ல எழுதி சீல் வச்சுக் குடுங்க. எங்கப்பா பொய் சொல்லலன்னு அவுங்களுக்குத் தெரியணும்.”

கண்ணாடி அறை

மேனேஜர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். என்னையும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. பில்லை வாங்கி விரலை வைத்துக் காட்டினார்.

“தங்கம் 916. முத்திரை இருக்கு. கல்லு கெம்புன்னு போட்டிருக்கு. இதுல மாணிக்கம்னு எங்கம்மா இருக்கு?”

“இந்த அக்கா சொன்னாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “செல்வராணி, நீ மாணிக்கம்னு சொன்னியா?”

“இல்ல சார். கெம்புன்னுதான் சொன்னேன்.”

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகப் பெரிய பொய் அதுதான்.

முத்துலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான் கேட்டதுக்குத் தலையாட்டுனீங்களேக்கா” என்றாள்.

மேனேஜர் சிரித்தார். “தலையாட்டுறதெல்லாம் பில்லுல ஏறாதும்மா.”

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கதவு மூடியதும் அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்: “களையெடுக்கப் போற வீட்டுக்கு மாணிக்கம் கேக்குது.”

என் அம்மாவும் களையெடுக்கப் போனவள்தான். அவருக்கு அது தெரியாது. பதினோரு வருஷத்தில் நான் சொன்னதில்லை. பட்டுச் சேலை கட்டிக் கொண்டை வைத்து நின்றால் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்.

அந்த நிமிஷமே தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. கடை மூடுகிறவரை விற்றேன். அன்றே இன்னும் மூன்று பேரிடம் கெம்பு என்றேன். அவர்களில் ஒருத்தி, “நல்ல கல்லுதானே?” என்று கேட்டாள். “ஒரிஜினல்மா” என்றேன். வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் மற்றவர்களைப் பற்றிக் கோபமாக எழுதும்போதெல்லாம் சில வாசகர்கள் பாராட்டி எழுதுகிறீர்கள். இந்த வாரக் கோபத்தில் பெரிய பங்கு எனக்கு உரியது என்பதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

என் கையெழுத்தில் ஒரு தாள்

நாலாம் நாள் கடைப் பதிவேட்டிலிருந்து அவள் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து போன் செய்தேன்.

“கடை சீல் வைக்க முடியாதும்மா. என் பேருல, என் கையெழுத்துல எழுதித் தாரேன். நேர்லயும் வந்து சொல்றேன்.”

ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

“ஞாயித்துக்கிழமை கோச்சடைக்குப் போறோம். பத்து மணிக்கு வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீடு ஒற்றை அறையும் சமையல்கட்டும். அடுப்படியில் உட்கார்ந்து மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். என் வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்துவிட்டு வந்து பின்னால் நின்று படித்தார்.

“யோசிச்சுக்க. இது வெளிய தெரிஞ்சா மதுரைக்குள்ள ஒரு கடையிலயும் உன்னையச் சேக்க மாட்டாய்ங்க.”

“தெரியும்.”

“அப்பச் சரி” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார்.

மாப்பிள்ளை வீட்டில் சோபாவில் பையன், அவன் அம்மா, தாய்மாமன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியகருப்பன். முத்துலட்சுமி அவர் பக்கத்தில் நின்றாள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, அது நியாயம்தான்.

தாளைத் தாய்மாமன் வாங்கி உரக்கப் படித்தார். இன்ன கடையில் வேலை பார்க்கும் செல்வராணி ஆகிய நான் இந்த அட்டிகையை விற்றேன். இது மாணிக்கமா என்று பெண் கேட்டபோது ஆமாம் என்று தலையசைத்தேன். இது மாணிக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பெரியகருப்பன் அவர்கள் கடையில் தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் உங்களிடம் சொன்னார்.

படித்து முடித்துத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு பையனின் அம்மா பெருமூச்சு விட்டார்.

“அப்பக் கடைக்காரன்தான் ஏமாத்தியிருக்கான். சரி விடுங்க. கல்ல மட்டும் நல்லதா மாத்திப் போட்டுருங்க. தேதிய மாத்த வேணாம்.”

பையன் போனிலிருந்து நிமிர்ந்து லேசாகச் சிரித்தான். முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். கல்யாணம் நடக்கும், என் பாவம் பாதியாவது கழியும் என்று மனசு கணக்குப் போட்டது.

முத்துலட்சுமி சொன்னாள்: “எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“அதான் சரின்னு சொல்லிட்டோம்ல.”

“கல்லப் பத்திச் சொன்னீங்க. ஊரு முன்னாடி வச்சு ஏமாத்துக்காரர்னு சொன்னீங்களே, அதப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

தாய்மாமன் லென்ஸ் இருந்த சட்டைப் பையைத் தடவினார். “பெரிய மனுசங்க பேச்சுல முன்னப் பின்ன வரும்மா. அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் தொங்கலாமா?”

அவள் பையனைப் பார்த்தாள். “நீங்க?”

“அம்மாதான் பேசிட்டாங்கள்ல” என்றான் அவன்.

அவள் தாய்மாமன் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“வாப்பா, போவோம்.”

“அப்பக் கல்யாணம்?” என்றார் பையனின் அம்மா.

“வேணாங்க.”

பெரியகருப்பன் எழுந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு மகளுக்குப் பின்னால் நடந்தார்.

டீக்கடையில்

நானும் அவர்கள் பின்னாலேயே போனேன். மெயின் ரோட்டு டீக்கடையில் பெரியகருப்பன் மூன்று டீ சொன்னார். வெயில் ஏறியிருந்தது.

“அவசரப்பட்டுட்டமோ தாயி?” என்றார் மகளிடம்.

“இல்லப்பா.”

டீ வந்தது. எனக்கு நீட்டிய டம்ளரை நான் வாங்குவதற்குள் முத்துலட்சுமி சொன்னாள்: “அவுங்க டீக்கு நாம ஏம்ப்பா குடுக்கணும்?”

அவர் கை அப்படியே நின்றது. நான் என் டீக்குக் காசு கொடுத்தேன்.

“கேஸ் போடப் போறேன். சாட்சி சொல்ல வருவீங்களா?” என்று கேட்டாள்.

“வாரேன்.”

“அப்ப வாங்க. அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க.”

கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. அதனால் அந்தச் சொல் எனக்கு உறைத்தது.

கடைக்கு விஷயம் இரண்டு நாளில் தெரிந்தது. வரச் சொல்லிக் கணக்கு முடித்தார்கள். மேனேஜர் அன்றும் மெதுவாகத்தான் பேசினார். “உனக்கு என்ன கொறை வச்சோம்?” என்று கேட்டார். களையெடுக்கப் போற வீடு என்று அவர் சொன்னதைச் சொல்லி, என் அம்மாவின் பெயரையும், அவள் எந்தெந்த வயலில் களையெடுத்தாள் என்பதையும் நிதானமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு வேலை தேடி ஏறி இறங்கிய கடைகளைப் பற்றி அடுத்த வாரங்களில் எழுதுகிறேன்.

கேஸ் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. நான் நாலு தடவை போனேன், மூன்று தடவை வாய்தா. நாலாவது தடவை சாட்சிக் கூண்டில் ஏறி, வகுப்பில் என்னென்ன சொல்லித்தந்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடை வக்கீல், வேலை போன ஆத்திரத்தில் பேசுகிறேன் என்றார். வேலை போவதற்கு முன்பே எழுதின தாள் இது என்று முத்துலட்சுமியின் வக்கீல் அதை எடுத்துக் காட்டினார்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. கடைக்காரர்கள் கட்டச் சொன்ன தொகையைக் கட்டிவிட்டு மறுநாள் வழக்கம்போல் கடை திறந்தார்கள். கெம்பு நகைகளுக்குத் தனித் தளமே போட்டிருக்கிறார்களாம். போன மாதம் பேருந்தின் பின்னால் பார்த்த விளம்பரத்தில் ‘பாரம்பரியக் கெம்பு’ என்று போட்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கும் எரியட்டும். அடுத்த தடவை கடைக்குப் போனால் இது மாணிக்கமா, ஆலைக் கல்லா, கண்ணாடியா என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிலைத் தலையாட்டலாக வாங்காதீர்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் பெரியகருப்பன் என்னிடம் வந்தார். கையில் தீர்ப்பின் நகல். முத்துலட்சுமி கொஞ்சம் தள்ளி வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“இதுல எம்பேரு எங்கம்மா இருக்கு?”

தேடிக் காட்டினேன்.

“என்ன போட்டிருக்கு?”

“கடையில சொன்னதத்தான் நீங்க சொன்னீங்க, உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு போட்டிருக்குய்யா.”

அந்த வரியில் விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவர், பந்தலில் வாயடைத்து நின்றவர், எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனவர். அவருக்குக் கோபமே வராது என்று நான் நினைத்திருந்தேன்.

“இங்க ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு?” என்றார். “கோச்சடைக்கு ஒண்ணு அனுப்பணும். ரிஜிஸ்டர் தபால்ல. அந்த லென்ஸ்காரன் பேருக்கு.”

முத்துலட்சுமி திரும்பிப் பார்த்தாள். பிறகு எங்களிடம் வந்தாள். மூன்று பேரும் ஜெராக்ஸ் கடையைத் தேடி வெயிலில் இறங்கினோம்.